சிரட்டை விளக்கில் கண்ணின் நேரத்தை அளப்பது: முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை நேரத்தில் குமரி மாவட்டத்து வேளிமலைப் பக்கம் மின்னல் வெட்டும்போது ஒளி ஒரே வீச்சாக இல்லாமல் படபடவென்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தடத்தில் மூன்று நான்கு முறை மின்னோட்டம் பாய்வதால் வரும் படபடப்பு அது. பளிச்சிடும் ஒவ்வொரு பாய்ச்சலும் பெரும்பாலும் ஒரு மில்லி விநாடிகூட நீடிப்பதில்லை. இரண்டு பாய்ச்சலுக்கு நடுவிலோ பல சமயம் 40, 60 மில்லி விநாடி இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தட்டுப்படுகிறது. பாய்ச்சலின் நீளம் தட்டுப்படுவதில்லை.

குறுகிய ஒளியைப் பார்ப்பது வேறு, குறுகிய நேரத்தைப் பிரித்தறிவது வேறு. கண் எவ்வளவு குறுகிய நேரத்தைப் பிரித்தறியும் என்று அளப்பதுதான் இங்கே வேலை. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதை எடுத்துச் செய்கிற குழுக்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, ‘எங்கள் கண் 2 மில்லி விநாடியைக் கண்டுபிடித்தது’ என்று அட்டையில் எழுதி வைக்கின்றன. அவர்கள் அளந்தது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைத்தான். அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுத்தான் நேரத்தை அளக்க முடியும். கீழுள்ள படிகளின் வரிசையும் அதற்காகத்தான். இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. யாரை உட்கார வைக்கக் கூடாது

வலிப்பு வந்தவர்கள், வீட்டில் யாருக்காவது வலிப்பு உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் விளக்கின் முன் உட்காரக் கூடாது. அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். விநாடிக்கு 3 முதல் 30 முறை வரை விட்டு விட்டு எரியும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பை வரவழைக்கக் கூடும். முதல் முறையாக அது வெளிப்படுவதே இப்படி ஒரு விளக்கின் முன்னால் நடக்கலாம்.

மாணவர்களை வைத்துச் செய்தால் பெற்றோரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். கீழுள்ள எந்தச் சோதனையிலும் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே (விநாடிக்கு 30 முறைக்குக் கீழே) தொடர்ந்து மினுக்க வேண்டிய தேவை இல்லை. நிரலிலேயே அந்த எல்லையை வைத்துப் பூட்டிவிடுங்கள்.

2. சேர்த்து வைக்க வேண்டியவை

ஆர்டுயினோ ஊனோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒன்று, 5 மி.மீ. வெள்ளை எல்இடி இரண்டு, 220 ஓம் மின்தடை இரண்டு, அழுத்து பொத்தான் இரண்டு, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகி இணைக்கும் பலகை), இணைப்புக் கம்பிகள், பவர் பேங்க். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் எல்லாம் கிடைக்கும். வீட்டிலிருந்து கண்ணுள்ள பாதிச் சிரட்டை ஒன்று, டிரேசிங் தாள், கறுப்பு சார்ட் அட்டை, உப்புத்தாள், அளவு நாடா.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைபேசித் திரை வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் மாற்றும். 10 மில்லி விநாடி இடைவெளியை அதில் காட்டவே முடியாது. வீட்டு எல்இடி பல்பும் வேண்டாம், உள்ளே இருக்கும் மின்தேக்கி அணைவதை இழுத்தடிக்கும். குண்டு பல்பின் இழை ஆற நேரமெடுக்கும்.

ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வேண்டவே வேண்டாம். சில மில்லி விநாடி தாமதம் ஒருபுறம் இருக்க, அது போடும் ‘டிக் டிக்’ சத்தத்தை எண்ணியே பார்ப்பவர் விடை சொல்லிவிடுவார். இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரே ஒரு துடிப்பு ஒளியோடு இரண்டு ‘பீப்’ ஒலி சேர்ந்தால், பலருக்கு ஒளியே இரண்டாகத் தெரிகிறது.

3. சிரட்டை விளக்கு

சிரட்டையின் உட்புறத்தைச் சுரண்டி, நார் போக உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பெயிண்ட் இரண்டு பூச்சு அடியுங்கள். மெல்லிய கண்ணைக் குத்தித் திறந்து ஒரு எல்இடியைச் செருகுங்கள். அதை ஒட்டி இன்னொரு துளை போட்டு மற்றதைச் செருகுங்கள். இரண்டின் நுனியையும் உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பளீரென்று ஒரு பொட்டு விழும்.

சிரட்டையின் வாயில் டிரேசிங் தாள் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். அதன்மேல் நடுவில் 1 செ.மீ. வட்டத் துளை போட்ட கறுப்பு அட்டை. எந்த எல்இடி எரிந்தாலும் துளையில் ஒரே மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டும். ஒன்று எரியும்போது இடப்பக்கம் தூக்கலாகத் தெரிந்தால் இன்னோர் அடுக்கு தாள் போடுங்கள். இடம் மாறுவதைக் கண் மிக எளிதில் பிடித்துவிடும், பிறகு உங்கள் எண் எதையும் சொல்லாது.

ஒவ்வொரு எல்இடிக்கும் தனி மின்தடை, பலகையில் தனி பின் (இணைப்பு முனை): 8, 9 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுக்கும். மீதி 2 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் 9 மில்லி ஆம்பியர். ஒரு பின் சுகமாகத் தாங்கும் அளவு 20. இரண்டு எல்இடிக்கும் ஒரே மின்தடையைப் பகிர்ந்தால், இரண்டும் எரியும்போது ஒளி இரட்டிப்பாகாது. 6-ஆம் படி அங்கேயே கெட்டுவிடும்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று கம்பி முனையை அரித்துவிடும். பிரெட்போர்டு தளர்ந்து தானாக மினுக்கினால் கண்ணைச் சந்தேகப்படாமல் கம்பியைச் சந்தேகப்படுங்கள். எல்இடிக் கால்களைப் பற்றவைத்துவிடுவது நல்லது.

4. அறை, இருக்கை, தூரம்

கண்ணிலிருந்து அட்டைத் துளைக்கு 57 செ.மீ. இந்தத் தூரத்தில் 1 செ.மீ. அகலம் கண்ணில் 1 பாகையாக (டிகிரியாக) விழும், கணக்கு எளிதாகிவிடும். புத்தகங்களை அடுக்கித் தாடையை அதில் ஊன்றச் சொல்லுங்கள். முன்னால் சாய்ந்தால் வட்டம் பெரிதாகிவிடும். வட்டம் பெரிதானால் மினுக்கம் இன்னும் எளிதில் தெரியும்.

அறையைக் கும்மிருட்டாக்க வேண்டாம். முழு இருட்டில் விழித்திரையின் கோல் செல்கள் வேலைக்கு வரும், அவை மந்தமானவை. மூலையில் சுவரைப் பார்த்த ஒரு சின்ன விளக்கு, கடைசி வரை ஒரே அளவில் எரியட்டும். ஓட்டு வீடாக இருந்தால் கண்ணாடி ஓட்டைச் சாக்குப் போட்டு மூடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, கருமேகம் ஒன்று கடந்து போவதற்குள் அறை வெளிச்சம் பாதியாகிவிடும். இரவு வேளைதான் உத்தமம். உட்கார்ந்த பின் 10 நிமிடம் கண் பழகட்டும்.

புழுக்கமாக இருக்கிறதென்று கூரை விசிறியைப் போட்டுவிடுவார்கள். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் விளக்கொளியை விநாடிக்கு 17 முறைக்கும் மேல் அது வெட்டுகிறது. விசிறியை நிறுத்துங்கள். தரையில் வைக்கும் விசிறி, ஒளியை மறைக்காத இடத்தில் இருந்தால் பரவாயில்லை. பலகைக்கு மின்சாரம் பவர் பேங்கிலிருந்தே வரட்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறுகிற நொடியில் சோதனை பாழாகாது.

5. நிரலில் நேரம் பிடிப்பது

‘டிலே’ கட்டளை மில்லி விநாடிக் கணக்குக்கு மட்டும். ‘டிலேமைக்ரோசெகண்ட்ஸ்’ 16,383 மைக்ரோ விநாடி வரைதான் நம்பகமானது. அதைத் தாண்டி எண் கொடுத்தாலும் பலகை குற்றம் சொல்லாது, தவறான நேரத்தை அமைதியாகக் கொடுத்துவிடும். நீண்ட இடைவெளிக்கு ‘மைக்ரோஸ்’ எண்ணை (பலகை இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் மைக்ரோ விநாடிக் கணக்கை) தொடக்கத்தில் குறித்து வைத்து, வித்தியாசம் தேவையான அளவு வரும்வரை சுற்றச் சொல்லுங்கள். ஊனோவில் அது 4 மைக்ரோ விநாடிப் படிகளில் நகர்கிறது, நமக்குத் தாராளம்.

துடிப்பு நடக்கும்போது கணினித் திரைக்கு எதையும் அச்சிடாதீர்கள். விடைகளைச் சேமித்து வைத்து, துடிப்பு முடிந்த பிறகு அனுப்புங்கள். பார்ப்பவரைத் தயார்ப்படுத்த ஒலி வேண்டுமென்றால் ஒளிக்கு அரை விநாடி முன்னால் ஒரே ஒரு ‘பீப்’.

விளக்கு சொன்னபடி எரிகிறதா என்று பார்க்க எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மாறும் மின்தடை) உதவாது. அதுவே பத்துக்கணக்கான மில்லி விநாடி தாமதிக்கும். கைபேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் எடுங்கள். ஒரு படம் 4.17 மில்லி விநாடி. 40 மில்லி விநாடி இருட்டு ஒன்பது, பத்துப் படங்களில் தெரிய வேண்டும்.

6. முதல் சோதனை: ஒற்றைத் துடிப்பு

இதை யாரும் செய்வதில்லை. இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

ஒரு எல்இடியை 20 மில்லி விநாடி எரிய விடுங்கள். ஒரு விநாடி கழித்து, இரண்டு எல்இடியையும் சேர்த்து 10 மில்லி விநாடி. இரண்டும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது நீளம் என்று கேட்டால் ஊகித்துத்தான் சொல்வார். ஏறத்தாழ 50, 100 மில்லி விநாடிக்குள் வரும் ஒளியைக் கண் ஒரே குடத்தில் ஊற்றிக்கொள்கிறது. மெதுவாக ஊற்றினாலும் வேகமாக ஊற்றினாலும் குடத்தில் நிறைந்த அளவு மட்டுமே தெரியும். இதைப் ப்ளாக் விதி என்பார்கள்: ஒளிச்செறிவும் நேரமும் பெருக்கி வரும் எண் சமமானால் தோற்றமும் சமம்.

இப்போது நேரத்தைக் கூட்டுங்கள்: ஒரு எல்இடி 400 மில்லி விநாடி, இரண்டும் சேர்ந்து 200. உடனே வித்தியாசம் தெரியும், ஒன்று மங்கலாக நீளம், மற்றது பளிச்சென்று குட்டை. குடம் நிரம்பி வழிந்துவிட்டது.

10 மில்லி விநாடிச் சோதனையில் பார்ப்பவர் சரியாகப் பிரித்துக்கொண்டே இருந்தால் மகிழ வேண்டாம். இரண்டு எல்இடியின் வெளிச்சம் சமமில்லை, அல்லது இடம் மாறித் தெரிகிறது. 3-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

7. இரட்டைத் துடிப்பு: இடைவெளியை அளப்பது

இனிமேல் ஒரே எல்இடி போதும். 5 மில்லி விநாடி எரிந்து, இடைவெளி விட்டு, மறுபடி 5 எரிய வேண்டும். இதை ஒற்றைத் துடிப்போடு ஒப்பிட வேண்டும். கேள்வி: எந்த ஒற்றைத் துடிப்போடு?

புதியவர்கள் 5 மில்லி விநாடி ஒற்றைத் துடிப்பைப் போடுவார்கள். இரட்டையில் ஒளி இரண்டு மடங்கு. பார்ப்பவர் 2 மில்லி விநாடி இடைவெளியில்கூட நூற்றுக்கு நூறு வாங்குவார், பளிச்சென்றிருப்பதைத் தொட்டுக்காட்டி. கொஞ்சம் விவரமானவர்கள் 10 மில்லி விநாடி ஒற்றையைப் போடுவார்கள். ஒளியளவு சமமாகிவிடும். ஆனால் இடைவெளி கூடக் கூட இரட்டை முழுசாக நீண்டுவிடுகிறது. ‘எது நீளம்’ என்று பார்த்தே விடை வந்துவிடும், நடுவே இருட்டைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

மொத்த ஒளியும் மொத்த நீளமும் சமமாக இருக்க வேண்டும். இடைவெளி 30 என்றால் இரட்டையின் மொத்த நீளம் 40. ஒற்றையும் 40 மில்லி விநாடி நீடிக்கட்டும், கால் பங்கு வெளிச்சத்தில். வெளிச்சத்தைக் குறைக்க எல்இடியை 250 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை வேகமாக எரித்து அணையுங்கள். அவ்வளவு வேகம், அசையாத கண்ணுக்குத் தெரியாது.

எரியும் நேரத்துக்குச் சூத்திரம்: 2500-ஐ (10 + இடைவெளி) ஆல் வகுக்க வேண்டும். இடைவெளி 10 என்றால் 125 மைக்ரோ விநாடி, 30-க்கு 62, 40-க்கு 50, 60-க்கு 36. மீதி நேரம் அணைந்திருக்கும். எல்இடியை எரிக்கவும் அணைக்கவும் கொடுக்கும் ‘டிஜிட்டல்ரைட்’ கட்டளை ஒவ்வொன்றும் சுமார் 4 மைக்ரோ விநாடி தின்னும். எரிவது, அணைவது இரண்டிலும் அதைக் கழித்துக் கொடுங்கள். 36-இல் 4 கூடினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒளி கூடிவிடும். பழக்கப்பட்ட கண் அதையும் பிடிக்கும்.

பார்ப்பவர் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். துளைக்கு மேலும் கீழும் வெள்ளைப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, நடுவே பார்வையை நிறுத்தச் சொல்லலாம். இரண்டு துடிப்புக்கு நடுவில் கண் தாவினால் அவை விழித்திரையில் வேறு வேறு இடத்தில் விழும். விநாடிக்கு 400 பாகை வேகத்தில் தாவும் கண், 10 மில்லி விநாடியில் 4 பாகை நகர்ந்துவிடும். அப்போது இரண்டாகத் தெரிவது நேரத்தால் அல்ல, இடத்தால்.

8. எத்தனை முறை, எப்படி எண்ணுவது

‘இரண்டாகத் தெரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். ஆசைப்பட்டவர் ஆம் என்பார், கூச்சப்படுபவர் இல்லை என்பார். ஒவ்வொரு முறையும் இரண்டையும் காட்டி, ‘இரட்டை முதலில் வந்ததா, பிறகு வந்ததா?’ என்று கேளுங்கள். தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும். விடை சரியா தவறா என்று அப்போது சொல்லக் கூடாது.

இடைவெளி 10, 20, 30, 40, 50, 60. ஒவ்வொன்றும் 20 முறை, எல்லாம் கலந்து, மொத்தம் 120. வரிசையாகக் கொடுத்தால் பார்ப்பவர் போக்கை ஊகித்துவிடுவார். ஆர்டுயினோவின் தற்செயல் எண் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் வரும். எதனோடும் இணைக்காத அனலாக் பின்னைப் படித்து அதற்கு விதை (தொடக்க எண்) கொடுங்கள். 40 முறைக்கு ஒரு ஓய்வு.

குருட்டாம்போக்கில் அழுத்தினாலே 20-க்கு 10 வரும். 15-ஐ எல்லையாக வையுங்கள்: வெறும் ஊகத்தில் 15-ஓ அதற்கு மேலோ வர வாய்ப்பு நூற்றில் இரண்டுதான். 12, 13 வந்ததைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதக் கூடாது.

இந்த வெளிச்சத்தில் எல்லை பெரும்பாலும் 20-க்கும் 60-க்கும் நடுவில் எங்காவது விழும். ஆளுக்கு ஆள் மாறும், தூக்கக் கலக்கத்தில் ஏறும். 10 மில்லி விநாடியிலேயே 18, 19 என்று வந்தால் சாதனையாக எண்ணாமல் ஓட்டையைத் தேடுங்கள். சத்தம், வெளிச்சம், நீளம், கண் தாவல் என்ற இந்த வரிசையில் தேடினால் நேரம் மிச்சம்.

9. மினுக்கம் ஒன்றிப்போகும் எல்லை

தொடர்ந்து மினுக்கும் ஒளி எந்த வேகத்தில் நிலையான ஒளியாகிறது என்பது வேறொரு கேள்வி. 7-ஆம் படி எண்ணிலிருந்து இதைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது, தனியாக அளக்க வேண்டும்.

எரியும் நேரமும் அணையும் நேரமும் எப்போதும் சமம். பாதிச் சுற்று = 500,000-ஐ ஹெர்ட்ஸால் வகுத்த மைக்ரோ விநாடி. 70-க்கு 7,143; 40-க்கு 12,500; 30-க்கு 16,667. கடைசி எண் முன்பு சொன்ன 16,383-ஐத் தாண்டுவதைக் கவனியுங்கள். எரியும் நேரத்தை மாற்றாமல் இருட்டை மட்டும் நீட்டினால் சராசரி வெளிச்சம் குறைந்துகொண்டே போகும், ஒரே சோதனையில் இரண்டு மாற்றம் நடந்துவிடும். ஒன்றிப்போன ஒளியின் தோற்றத்தைத் தீர்மானிப்பது அந்தச் சராசரிதான்.

70-இல் தொடங்கி 2 விநாடிக்கு 1 ஹெர்ட்ஸ் இறக்குங்கள். படபடப்பு தெரிந்த உடன் பொத்தான். 2 விநாடி வைப்பதற்குக் காரணம், கை அழுத்தத் தாமதித்தாலும் ஒரு படிக்கு மேல் தவறாது. ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். கீழிருந்து மேலே ஏறாதீர்கள்: மினுக்கத்தைப் பார்த்துப் பழகிய கண் மந்தமாகிவிடும், 1-ஆம் படியில் சொன்ன ஆபத்தும் உண்டு.

பெரும்பாலோருக்கு 35 முதல் 50 வரை வரும். டிரேசிங் தாளில் ஓர் அடுக்கை எடுத்தாலே எண் சற்று ஏறும். வெளிச்சம் பத்து மடங்கானால் ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ் கூடுகிறது (ஃபெர்ரி–போர்ட்டர் விதி). அட்டையை முழுதாக எடுத்துவிட்டு, விளக்குக்குப் பக்கவாட்டில் 20 செ.மீ. தள்ளிப் பார்வையை நிறுத்தி, ஓரக்கண்ணால் பார்த்தால் இன்னும் ஏறும். சோக் வைத்த பழைய டியூப் லைட் நேராகப் பார்த்தால் சும்மா இருப்பதும், ஓரக்கண்ணில் துடிப்பதும் இதனால்தான். ஆகவே ‘மனிதக் கண் இத்தனை ஹெர்ட்ஸ்’ என்று அட்டையில் எழுதாதீர்கள். எத்தனை பாகை, எவ்வளவு வெளிச்சம், நேர்ப்பார்வையா ஓரப்பார்வையா என்று சேர்த்தே எழுத வேண்டும்.

10. கண் தாவலில் தெரியும் புள்ளிகள்

அட்டை, தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எல்இடியை 500 ஹெர்ட்ஸில் எரிய விட்டு, இருட்டில் 2 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நேராகப் பார்த்தால் அசையாத பொட்டு. பார்வையை விளக்கின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்குச் சட்டென்று வீசுங்கள்: புள்ளி புள்ளியாக ஒரு கோடு. தாவும் வேகம் விநாடிக்கு 400, 500 பாகை என்றால், ஒவ்வொரு புள்ளியும் அடுத்ததிலிருந்து ஏறத்தாழ 1 பாகை தள்ளி விழுகிறது. இரவில் தேசிய நெடுஞ்சாலையில் சில கார்களின் பின்விளக்கு சிதறுவதுபோல் தெரிவதும் இதேதான்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ‘அப்படியானால் கண் 500 ஹெர்ட்ஸைப் பார்க்கிறதே’ என்பார்கள். 9-ஆம் படியில் 45 என்று எழுதியதோடு இது முட்டுகிறதே என்று மாணவர்களும் தடுமாறுவார்கள். தாவும்போது நேரம் இடமாக மாற்றப்பட்டுவிடுகிறது, இடத்தைப் பிரிப்பதில் கண் கெட்டி. இதை அட்டையில் தனி எண்ணாக, தனிப் பெயரில் எழுதுங்கள். மற்ற இரண்டோடு ஒரே அட்டவணையில் போட்டால் கேள்வி கேட்பவரிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

விளையாட்டாகச் செய்யக்கூடிய சரிபார்ப்பும் இங்கே உண்டு. எல்இடியை நீளமான கம்பியில் கட்டி, 5 மில்லி விநாடி எரிந்து 5 அணையும்படி வைத்து, இருட்டில் கையால் வீசுங்கள். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஒவ்வொரு கோடும் 1 செ.மீ. நீளம், இடைவெளியும் 1 செ.மீ. கோடுகள் சமமாக இல்லாவிட்டால் நிரலில் இன்னும் எங்கோ நேரம் கசிகிறது. 5-ஆம் படியிலிருந்து மறுபடி பாருங்கள்.